கை நீட்டு தாயி

எங்கள் சீமையில் ‘கை நீட்டினான்’ என்றால் அடித்தான் என்று அர்த்தம். ‘அவ புருஷன் கை நீட்டுவானாம்’ என்று குழாயடியில் ஒருத்தி சொன்னால், மற்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. ஏனென்றால் நாங்கள் சைக்கிள் சர்க்கஸ்காரர்கள்.

சர்க்கஸ் என்றதும் யானை, சிங்கம், வானத்தை முட்டும் கூடாரம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள், ஒரு மைக் செட், கொஞ்சம் மூங்கில், ஒரு பழைய படுதா, அப்புறம் ஒரு பபூன். கடலாடிப் பக்கம் எங்கள் ஊர், மானம் பார்த்த பூமி. ஐப்பசியில் மழை பெய்தால் நெல்லும் மிளகாயும் போடுவோம். அறுப்பு முடிந்ததும் அய்யா சைக்கிளுக்கு எண்ணெய் போட ஆரம்பிப்பார். மழை பெய்யாத வருஷம் ஐப்பசியிலேயே எண்ணெய் போட்டுவிடுவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அக்காவை முன்பாரிலும் என்னைக் கேரியரிலும் உட்காரவைத்துக்கொண்டு அய்யா ஊர் ஊராகப் போனார். நாங்கள் வளர்ந்தது வீட்டிலா சைக்கிளிலா என்று கேட்டால் சைக்கிளில் என்றுதான் சொல்வேன்.

எங்கள் பிழைப்பே இறங்காத சைக்கிள்தான். ஊர்ப் பொட்டலில் வட்டம் போட்டு, நடுவில் கம்பம் நட்டு, அய்யா ஏறிவிட்டால் வாரம் முழுக்கக் கால் தரையில் படாது. சாப்பாடு சைக்கிளில். சவரம் சைக்கிளில். குளியலும் சைக்கிளில்தான், ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்து ஓரத்தில் நின்று, அவர் சுற்றி வரும்போது தலையில் ஊற்றுவார்கள். அது அவர்களுக்கு ஒரு புண்ணியம். கண் சொருகினால் பபூன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கூடவே நடப்பார். அய்யா தூங்கிக்கொண்டே மிதிப்பார். மற்றதெல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள், அது தொழில் ரகசியம். கடைசி நாளில் இறங்கும்போது கால் நிற்காது, துவண்டு மடங்கும். ஆனாலும் யாராவது கை கொடுக்கப் போனால் போச்சு. “ஏலே, நான் என்ன கெழவனா?” என்று எரிந்து விழுவார். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானேதான் இறங்குவார். அவ்வளவு வீம்பு.

அந்த வட்டத்துக்குள் அக்காவின் ஐட்டம் ஒன்று இருந்தது. அய்யா காற்றாய்ச் சுற்றி வருவார். பாவாடையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அக்கா ஓரத்தில் சும்மா நிற்பாள். “கை நீட்டு தாயி!” என்று அய்யா கத்துவார். அக்கா வலது கையை நீட்டுவாள். நீட்டும்போதே “விட்டுறாதீக அய்யா!” என்பாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். கண்மூடித் திறப்பதற்குள் அவள் கேரியர் மேல் கால் ஊன்றி, அவர் தோளைத் தொட்டபடி நிமிர்ந்து நிற்பாள். கூட்டம் விசிலடித்துக் காதைக் கிழிக்கும். ‘விட்டுறாதீக’ என்பது பயத்தில் சொல்வதில்லை, ஆட்டத்துக்கு முன்னால் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவோமே அதுபோல ஒரு வழக்கம். அய்யா அதற்கு வாயால் பதில் சொன்னதே கிடையாது. பிடிதான் பதில்.

எனக்கு அந்த ஐட்டம் வரவில்லை. நான் ஏறினால் சைக்கிள் முனகும். பொம்பளைப் பிள்ளை என்றாலும் எனக்கு மூட்டை தூக்குகிற உடம்பு. அதனால் ஆளைத் தூக்குவது, சுழற்றுவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது எல்லாம் என் பங்கு. பபூனை ஒரு கையால் தூக்கிவிடுவேன். அவர் அய்யாவோடு சின்ன வயதிலிருந்தே திரிந்தவர், எங்களுக்குச் சித்தப்பா முறை. கோழி இறகு மாதிரி இருப்பார். நாய் குரைத்தால் படுதாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

அந்தப் பயந்தாங்கொள்ளிதான் எங்கள் ஆட்டத்தில் பொண்டாட்டியை அடிக்கிற குடிகாரன். ஐட்டத்தின் பெயர் ‘உப்பு பத்தல’. குடிகாரன் தள்ளாடி வருவான், குழம்பை நக்கிப் பார்ப்பான், “உப்பு பத்தல!” என்று கத்துவான், பொண்டாட்டியை வட்டம் முழுக்க ஓடவிட்டு அடிப்பான். நடுவில் பிளந்த மூங்கில் அது. மேலே படாது, படார் படாரென்று ஓசை மட்டும் வரும். ஒவ்வொரு படாருக்கும் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆம்பிளை பொம்பளை வித்தியாசம் இல்லாமல் சிரிப்பார்கள். அக்காதான் பொண்டாட்டி வேஷம் போடுவாள். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அது என் தலையில் விழுந்தது.

மாப்பிள்ளை, மாரியூருக்கு அந்தண்டை கடலோரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், சொந்தபந்தம் இன்னும் அங்கே இருக்கிறது. உப்பளத்தில் கங்காணி. சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார். அய்யாவுக்கு அந்தப் பேனாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். தன் மகள் இனி வெயிலில் வட்டம் சுற்றவேண்டாம், ஓடு போட்ட வீட்டில் உட்கார்ந்து சோறு பொங்கினால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ‘சைக்கிளைத் தொடக் கூடாது’ என்பதுதான் மாப்பிள்ளை போட்ட முதல் நிபந்தனை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. சின்னவள் பேச்சை யார் கேட்டார்கள்?

ஒரு வருஷம் போயிருக்கும். ஆடி வெயிலில் அக்கா தனியாக வந்து வாசலில் நின்றாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அய்யாவும் பபூன் சித்தப்பாவும் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்கள்.

“கை நீட்டுறாரு அய்யா” என்றாள்.

“எதுக்கு?”

“கொழம்புல உப்பு பத்தலயாம்.”

சித்தப்பா பக்கென்று சிரித்துவிட்டார். பாவம், வேண்டுமென்று சிரிக்கவில்லை. அந்த வசனத்தைக் கேட்டால் ஊரே சிரிக்கும் என்று பழகிப்போன காது. அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டார். கையிலிருந்த பிளந்த மூங்கிலைப் பார்த்தார். அதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அய்யா சிரிக்கவும் இல்லை, எழவும் இல்லை. “புருஷன்னா ஒண்ணு ரெண்டு தடவ கை நீட்டத்தான் செய்வான் தாயி. அனுசரிச்சுப் போ” என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவளைப் பஸ் ஏற்றப் புறப்பட்டார். நானும் விடாமல் கூடவே போனேன். வழியில் அக்கா முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். விரல் பதிந்த தடம், கருநீலமாக. “அடுத்த தடவ நான் நடந்து வரமாட்டேன்டி. என்னையத் தூக்கிட்டுத்தான் வருவாக” என்றாள். அழாமல் சொன்னாள்.

பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாக வலது கையை நீட்டினாள். “விட்டுறாதீக அய்யா.”

அய்யா கண்டக்டர் பக்கம் திரும்பி, “பொம்பளப் புள்ள தனியாப் போகுது, பாத்து எறக்கி விடுங்க” என்றார். அந்தக் கை நீண்டபடியே போனதை நான் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு நான் உலையே வைக்கவில்லை. அய்யா பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். நல்லா வேணும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்து வந்த ஆட்டம் பெரியபட்டினத்தில். முதல் நாள் சாயங்காலம் சில்லறை ஐட்டங்கள்தான்; மறுநாள்தான் அய்யா சைக்கிளில் ஏறுவார். அதனால் அன்றைக்கு அவர் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். முன்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. வரிசையை வைத்துத்தான் பேசுவார். வரிசைப்படி அடுத்தது நான் சித்தப்பாவைக் கையைப் பிடித்துச் சுழற்றுகிற ஐட்டம். ஆனால் சித்தப்பா குழம்புச் சட்டியை ஏற்கெனவே எடுத்து வந்துவிட்டதால் ‘உப்பு பத்தல’ முதலில் தொடங்கிவிட்டது. அய்யாவுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா மூங்கிலை ஓங்குகிறார். நான் கூனிக் குறுகி நிற்கிறேன். ஜனம் சிரிக்கத் தயாராகிறது. அந்த நேரம் பார்த்துக் குழாய் ஸ்பீக்கரில் அய்யாவின் குரல் கணீரென்று வருகிறது: “கை நீட்டு! பயப்படாத, நல்லாக் கை நீட்டு!”

சிரிப்பு அப்படியே நின்றது. சித்தப்பா ஓங்கிய கையோடு கல்லாய் நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து நல்ல உயரமான ஒரு அம்மா, தலையில் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “யா அல்லா! இதென்ன அநியாயம்? பொண்டாட்டி மேல கை நீட்டச் சொல்லி மைக்குல சொல்லிக் குடுக்குறீகளே, நீங்கள்லாம் நல்லா இருப்பீகளா?”

அய்யாவுக்கு அது கேட்கவில்லை. “கை நீட்டு, கை நீட்டு!” என்று மறுபடியும் உற்சாகப்படுத்துகிறார். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் என் கை என்னைக் கேட்காமலே எழும்பிவிடும். எழும்பியது. ஓங்கி நின்ற சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்ததும் என் கண் முன்னால் வந்தது அக்காவின் கழுத்து. அப்புறம் என்ன, ஒரு சுழற்று. மூங்கில் ஒரு பக்கம் பறந்தது, சித்தப்பா ஒரு பக்கம் பறந்தார். என் தோளைத் தாண்டிப் போய் மணலில் மல்லாக்க விழுந்து, வானத்தைப் பார்த்து, “உப்பு… உப்பு போதும் ஆத்தா!” என்றார். சத்தியமாக, அது அவராகவே சொன்னது.

பெரியபட்டினத்துப் பெண்கள் போட்ட சத்தம் கடலுக்குள் கேட்டிருக்கும். பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கை தட்டினார்கள். ஒருத்தி மணலை வாரி மேலே வீசினாள். “இன்னொருக்கா போடு, இன்னொருக்கா போடு” என்று கத்தினார்கள். நான் சித்தப்பாவை எழுப்பி மணலைத் தட்டிவிட்டு, “சித்தப்பா, இன்னொருக்கா பறக்கிறீகளா?” என்று கேட்டேன். “அடிபடல பாப்பா, நீ வீசு” என்றார் அந்த மகராசன். மறுபடியும் வீசினேன். என் ஆயுசில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் கிடையாது.

அய்யா படுதாவை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. “குடும்பத்தக் கெடுக்குற ஐட்டம். நாளைக்கு இது கூடாது” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஏனென்றால் நாளைக்கு அவர் சைக்கிளில் ஏறிவிடுவார். மைக் என் கைக்கு வந்துவிடும்.

வந்தது. மறுநாள் நான் மைக்கில், “தாய்மாரே, இன்னைக்கும் உப்பு பத்தல. ஆனா பறக்குறது யாருன்னு பாருங்க” என்று அறிவித்தபோது அய்யா வட்டத்தில் சுற்றியபடி என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். கடித்து என்ன செய்ய? இறங்கினால் தொழில் போச்சு. அவர் சுற்ற, நடுவில் நான் சித்தப்பாவைத் தூக்கி வீச, கூட்டம் நாளுக்கு நாள் கூடியது. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பெண்கள் கலைந்து போக மாட்டார்கள். வட்டத்தின் ஓரத்தில் நின்று ஒருத்திக்கொருத்தி மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள். குழாயடியில் உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறவர்கள், அங்கே நின்று பேசினார்கள்.

முதல் நாள் எழுந்து சத்தம் போட்ட அந்த உயரமான அம்மா தினமும் உச்சி சாய்ந்ததும் ஒரு குடம் தண்ணீரோடு வருவார். அய்யா தலையில் ஊற்றுவார். ஊற்றிக்கொண்டே பேசுவார். அய்யா நின்று கேட்க முடியாது, கேட்காமல் போகவும் முடியாது. ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தையாக அவர் காதில் விழும். அக்கா வாசலில் வந்து நின்ற கதையை நான் அவரிடம் சொன்ன மறுநாள் இப்படிப் பேசினார்.

“எம் மவளும் இப்படித்தான் வந்து வாசல்ல நின்னுச்சு.”

அய்யா ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.

“சபுர் செய் மவளே, பொறுத்துப் போன்னு நாங்கதான் சொன்னோம்.”

இன்னொரு சுற்று.

“அதோட வாப்பாதான் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்தாக.”

அடுத்த சுற்றில் அய்யா வேகத்தைக் குறைத்தார். அந்த அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “இப்ப அவுக வெள்ளிக்கு வெள்ளி அத அடக்குன கபுருஸ்தானுக்குப் போயிட்டு வாராக” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

அய்யா நட்ட நடுப்பகலில் சித்தப்பாவைக் கூப்பிட்டு ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொன்னார். தூக்கம் வந்து இல்லை. தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதில் எது குடத்துத் தண்ணீர், எது கண்ணீர் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “அடுத்த ஆட்டம் எங்கன?”

“முதுகுளத்தூருன்னு சொன்னீக.”

“இல்ல. உங்க அக்கா ஊரு” என்றார்.

அக்கா ஊரில் பொட்டல் அவள் வீட்டுக்கு இந்தப்பக்கம்தான். ஸ்பீக்கர் குழாயை நான் வேண்டுமென்றே அந்த வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினேன். மச்சான் எங்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவை வெளியே விடவும் இல்லை. முதல் நாளே அய்யா ஏறிவிட்டார். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் கால் வெடிப்பில் உப்புப் பூத்தபடி நேராகக் களத்திலிருந்து ஆட்டத்துக்கு வந்தார்கள். ‘உப்பு பத்தல’ என்று நான் அறிவித்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கங்காணி வீட்டில் உப்புக்குத்தான் சண்டை என்பது ஊருக்கே தெரியும் போலிருக்கிறது. சித்தப்பா பறந்தார். அந்தப் பெண்கள் பாய்ந்து எழுந்துவிட்டார்கள். சித்தப்பா கையை ஓங்கும்போதெல்லாம், “கை நீட்டு! நீட்டு பாப்போம்!” என்று கோரஸ் போட்டார்கள். நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வெயில் தாழ்கிற நேரம். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்களுக்கு நடுவில் அக்கா நின்றாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். நான் மைக்கோடு எழுந்து நின்றேன். அய்யா சுற்றி வந்தார், பார்த்தார். அவள் குடத்தைச் சாய்த்து அவர் தலையில் ஊற்றினாள். அவர் அடுத்த சுற்றுக்குப் போன நேரத்தில் பின்னாலிருந்து மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பேனா குத்திய அதே சட்டை.

“சர்க்கஸ்காரி புத்தி போகுமா? யாரக் கேட்டுடி வந்த?” என்று அவள் முடியைப் பிடித்தார். கை ஓங்கினார்.

அப்போதுதான் உப்பளத்துப் பெண் ஒருத்தி, ஐட்டத்தில் கத்துவது மாதிரியே கத்தினாள்: “நீட்டு பாப்போம்!” அடுத்து இன்னொருத்தி. அப்புறம் பொட்டலே சேர்ந்து, “கை நீட்டு! நீட்டு பாப்போம்! நீட்டு பாப்போம்!” சிரித்துக்கொண்டு இல்லை, ஒவ்வொரு அடியாக முன்னால் வந்துகொண்டே. மச்சான் சுற்றிலும் பார்த்தார். முடியிலிருந்த கை நழுவியது. ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பா ஐட்டத்தில் நிற்பாரே, அச்சு அசலாக அதே நிலை. நான் என் பங்குக்கு அவரைத் தூக்கி வீசத்தான் ஓடினேன். ஆனால் அதற்குள் அந்தப்பக்கத்திலிருந்து சைக்கிள் வந்துவிட்டது.

“கை நீட்டு தாயி!”

எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்ட குரல். அக்கா குடத்தைப் போட்டாள். சேலையை எடுத்துச் செருகக்கூட நேரமில்லை. வலது கை தானாக நீண்டது. இந்தத் தடவை அவள் ‘விட்டுறாதீக’ என்று சொல்லவில்லை. அய்யா மணிக்கட்டைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். சைக்கிள் ஒரு கோணல் கோணி, குப்புற விழப்போய், நிமிர்ந்தது. அக்கா கேரியர் மேல் நின்றாள்! சேலை காற்றில் படபடக்க, அய்யா தோளைத் தொட்டபடி, பழைய அக்கா. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டு அழுதேன். அந்த அழுகை ஸ்பீக்கரில் ஊர் பூராவும் கேட்டதாம்.

“என் பொண்டாட்டிய எங்க கொண்டு போறீக? எறக்குங்க!” என்று மச்சான் பின்னாலேயே ஓடினார்.

அய்யா திரும்பிப் பார்க்காமல், “எறங்கிப் பேச முடியாது மாப்ள. ஆட்டம் நடக்குது” என்றார்.

மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். “ஏப்பா, எறங்கு, குடும்ப விஷயம், உக்காந்து பேசுவோம்” என்றார்கள். “நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கிறேன்” என்று அய்யா சுற்றினார். சுற்றிக்கொண்டே பஞ்சாயத்து நடந்ததை வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரியவர்கள் ஒரு நியாயத்தைத் தொடங்குவார்கள், முடிப்பதற்குள் அய்யா அந்தக் கோடிக்குப் போய்விடுவார். அவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓய்ந்தார்கள். அய்யா ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “எம் மக எங்கூட வாரா. அவ பக்கம் வரமாட்டேன்னு மாப்ள ஊரறியச் சொல்லணும். சொல்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்.”

வாரம் தாண்டியது. அய்யா இறங்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது, உதடு வெடித்துவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பெண்கள் முறை போட்டுக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். படுதாவுக்குள் இருந்த அக்காவைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு உப்பளத்துப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். கங்காணி சொல்ல வேண்டியதைச் சொல்கிறவரை பாத்தியில் உப்பு வார மாட்டோம் என்று களத்தை விட்டு வந்துவிட்டார்கள். மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு மழை பெய்தால் விளைந்த உப்பு அத்தனையும் தண்ணீர். உப்பள முதலாளி கார் போட்டுக்கொண்டு வந்து மச்சானைக் கூப்பிட்டுத் தனியாக என்ன சொன்னாரோ, சாயங்காலமே மச்சான் பொட்டலுக்கு வந்துவிட்டார்.

மைக்கை நான் நீட்டினேன். “இவ பக்கம் வரமாட்டேன், இவ மேல கை நீட்ட மாட்டேன்” என்று உப்புச்சப்பில்லாமல் முணுமுணுத்தார்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது: “உப்பு பத்தல!”

பொட்டல் அதிர்ந்தது. பெரியவர்களே துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மச்சான் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று, இந்தத் தடவை கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேறு வழி இல்லை, சாட்சி அத்தனை பேர்.

அய்யா இறங்கியதைச் சொல்வதற்கு முன்னால் பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்தி ராமநாதபுரம் வரை போய், மாதர் சங்கத்து டீச்சர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஐட்டம் முடிந்ததும் அவர் மைக்கை வாங்கி, அடிபடுகிற பெண் யாரிடம் போகலாம், போலீஸ் ஸ்டேஷனில் என்ன கேட்க வேண்டும் என்று நறுக்காகச் சொல்வார். பாம்பனில் ரோட்டுப் பாலம் வந்த பிறகு கடலுக்கு மேலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு தங்கச்சிமடம் போனோம். மாதா கோயிலுக்கு முன்னால் ஆட்டம். நிறையப் பேர் ஏறுகிற படகையே இழுத்துக் கரைசேர்க்கிற அந்த ஊர்ப் பெண்கள், நான் சித்தப்பாவை வீசுவதைப் பார்த்துவிட்டு, “நாங்களும் வீசிப் பாக்குறோம்” என்று வரிசையில் நின்றார்கள். சித்தப்பா அன்றைக்குப் பட்ட பாடு! வருஷக்கணக்காக இந்தக் கரை முழுக்க ஆடினோம். எந்த ஊருக்குப் போனாலும் ஆட்டம் முடிந்து படுதா சுருட்டும்போது யாராவது ஒருத்தி தயங்கித் தயங்கி அக்கா பக்கத்தில் வந்து நிற்பாள். அக்கா அவளை உட்காரவைத்து முதலில் சாப்பிடச் சொல்வாள். அப்புறம்தான் பேச்சு.

அதெல்லாம் இருக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம், மச்சான் சொல்லிவிட்டுப் போன பிறகு, அய்யா கம்பத்துப் பக்கம் வந்து மிதிப்பதை நிறுத்தினார். சித்தப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அய்யாவால் காலைத் தூக்கி இந்தப்பக்கம் போட முடியவில்லை. வழக்கம்போல் கம்பத்தைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார், கை வழுக்கியது. நான் போகவில்லை. திட்டு வாங்க யாருக்கும் தைரியம் இல்லை.

அக்கா போய் முன்னால் நின்றாள். வலது கையை அவருக்கு நேராக நீட்டினாள். “கை நீட்டுங்கய்யா” என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஜன்னலில் நீண்ட அந்தக் கை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் கோணிக்கொண்டு வந்தது. பிறகு கையை நீட்டினார். நீட்டும்போதே, ஊரே கேட்கும்படி, “விட்டுறாத தாயி” என்றார்.

அக்கா பதில் சொல்லவில்லை. பிடித்தாள். அவரைத் தரையில் இறக்கி, துவண்ட காலை மடக்கி உட்காரவைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு திரும்பிச் சைக்கிளைப் பார்த்தாள். சித்தப்பா கையிலிருந்து அதை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். பெண்கள் விசிலடித்தார்கள். முதல் சுற்று முடிந்து எங்களைத் தாண்டிப் போகும்போது, மணலில் உட்கார்ந்திருந்த அய்யா அந்த உலர்ந்த தொண்டையோடு கத்தினார்: “வேகம் பத்தல தாயி!”